அப்சிடியனும் நுரைக்கல்லும் ஒரே எரிமலையிலிருந்து வருமா?

வரும். ஒரே பாறைக்குழம்பிலிருந்தேகூட வரலாம். அப்சிடியன் கறுத்துப் பளபளக்கும் கண்ணாடி, நுரைக்கல் தண்ணீரில் மிதக்கும் வெளிறிய கல். ஆனாலும் பெரும்பாலும் இரண்டிலுமே சிலிக்கா (மணலில் உள்ள அதே பொருள்) சுமார் 70 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும்.

வேறுபாடு வாயுவில்தான். ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் நீர் குழம்புக்குள் கரைந்தே கிடக்கிறது. குழம்பு சட்டென்று மேலே வரும்போது, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நுரை பொங்குகிறது. அந்த நுரை அப்படியே உறைந்தால் நுரைக்கல். வாயு மெல்ல வெளியேறிவிட்ட குழம்போ பாகுபோல் நகர்ந்து, படிகம் வளர இடம்கொடுக்காமல் இறுகி அப்சிடியன் ஆகிறது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி, நுரைக்கல்லும் கண்ணாடிதான் என்பது. அதன் குமிழிச் சுவர்களை உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியும். அப்சிடியனின் கறுப்பும் நுண்ணிய இரும்புத் தாதுத் துகள்களால் வருவதே. மெல்லிய விளிம்பில் ஒளி ஊடுருவும்.

உடைத்தால் அப்சிடியன் சிப்பி வளைவுகளோடு கூரிய விளிம்பு தரும், கற்கால மனிதர் அதில் கத்தி செய்தார்கள். நுரைக்கல் வெறுமனே நொறுங்கும். 1883-இல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது நுரைக்கற்கள் தெப்பங்களாக இந்தியப் பெருங்கடலில் மாதக்கணக்கில் மிதந்தன.