ஏழு பேர், ஹைப்ரிட், கரடுமுரடான பாதை: மூன்றும் ஒரே வண்டியில் கிடைக்குமா?

கேள்வி: வீட்டில் நாங்கள் ஏழு பேர். நான், மனைவி, என் அப்பா அம்மா, 5, 9, 13 வயதில் மூன்று பிள்ளைகள். வாரத்தில் ஐந்து நாள் நகர நெரிசலில்தான் ஓட்டம். மாதம் ஒருமுறையாவது மலைப்பக்கம் போவோம். கடைசிப் பத்து இருபது கிலோமீட்டர் மண்ணும் சரளையுமாக இருக்கும். வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஆற்று மணலில் இறங்கிக் கூடாரம் போட்டுத் தங்குவதும் உண்டு. பெட்ரோல் செலவைக் குறைக்க, எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் பெரிய ஹைப்ரிட் எஸ்யூவி வாங்கலாம் என்று இருக்கிறேன். சாதாரண ஹைப்ரிட்டா, வெளியிலிருந்து சார்ஜ் போடும் பிளக்-இன்னா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: நீங்கள் கேட்கும் மூன்றும் வண்டியின் பின்பாதியில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. மூன்றாம் வரிசை இருக்கை அங்கேதான். ஹைப்ரிட் பேட்டரியையும் பெரும்பாலும் அங்கேதான் வைக்கிறார்கள். முழு அளவு ஸ்டெப்னி தொங்குவதும், பின் ஆக்ஸில் மேலும் கீழும் அசைய இடம் கேட்பதும் அதே பகுதியில். ஆகவே ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே தீரவேண்டும். எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதை விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

1997இல் பிரியஸை விற்கத் தொடங்கி, ஹைப்ரிட்டில் இத்தனை வருடப் பழக்கம் உள்ள டொயோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்கும் இப்போதைய லேண்ட் குரூஸரில் 2.4 லிட்டர் டர்போ ஹைப்ரிட், 326 குதிரைத்திறன். ஆனால் இருக்கை ஐந்துதான். அதே அடித்தளத்தில் வரும் லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 550இல் மூன்று வரிசை உண்டு, ஹைப்ரிட் கிடையாது. அங்கே விற்கும் புதிய 4ரன்னரில் மூன்றாம் வரிசை வேண்டுமென்றால் பெட்ரோல் மட்டும் உள்ள வகைக்குப் போக வேண்டும். செக்வோயாவில் ஹைப்ரிட்டும் மூன்று வரிசையும் சேர்ந்தே வருகின்றன. பேட்டரி மூன்றாம் வரிசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பதால் டிக்கியின் தரை உயர்ந்துவிட்டது. டொயோட்டாவின் 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட் டீசல் பிராடோவின் ஏழு இருக்கை வகையிலும் இதே கதை, டிக்கித் தரையில் ஒரு படிக்கட்டு மாதிரி மேடு. இவையெல்லாம் மோசமான வண்டிகள் என்று நான் சொல்லவில்லை. இடம் இல்லாத இடத்தில் மூன்றையும் திணித்தால் இப்படித்தான் ஆகும்.

குதிரைத்திறன், மைலேஜ் எல்லாம் பிறகு. முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். ஆளும் சாமானும் சேர்த்து வண்டி எவ்வளவு எடை வரை போகலாம் என்பது அதில் இருக்கும். சில நாடுகளில் ஆளும் சாமானும் எத்தனை கிலோ என்று நேராகவே எழுதிவிடுவார்கள். மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் கையிருப்பு. பெரிய ஏழு இருக்கை வண்டிகள் பலவற்றில் அது 500 முதல் 700 கிலோவுக்குள் அடங்கிவிடும். உங்கள் வீட்டுக் கணக்கு இது: பெரியவர்கள் நான்கு பேர், ஆளுக்கு 70 கிலோ என்றால் 280. பிள்ளைகள் மூவரும் சேர்ந்து 105. ஆளுக்குப் பத்து கிலோ பை, 70. தண்ணீர், சமையல் சாமான் 30. இப்போதே 485 ஆயிற்று. மேலே கேரியர் 30, கூரைக் கூடாரம் 60 என்று ஏற்றினால் 575. முன்னால் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியைக் கம்பி வடத்தால் இழுக்கும் விஞ்சும் மாட்டும் ஆசை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளக்-இன் வண்டியில் பெரிய பேட்டரியின் எடை ஏற்கெனவே உள்ளே ஏறியிருப்பதால் கையிருப்பு இன்னும் குறையலாம். சில தயாரிப்பாளர்கள் வெறும் எடையிலேயே ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்துச் சொல்வார்கள், சிலர் சேர்க்கமாட்டார்கள். அதைக் கேட்காமல் இரண்டு வண்டிகளை ஒப்பிடாதீர்கள். பின் ஆக்ஸிலுக்குத் தனி வரம்பு உண்டு என்பதையும் மறக்கவேண்டாம். மூன்றாம் வரிசை ஆளும் டிக்கிச் சாமானும் பெரும்பாலும் அதன் தலையில்தான் விழுகின்றன.

அடுத்து, எந்த ஹைப்ரிட். 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட் என்பது எஞ்சினுக்குக் கொடுக்கும் ஒரு கைத்தாங்கல்தான். டொயோட்டாவின் 2.8 டீசலில் அந்த மோட்டார் தருவது 12 கிலோவாட்டும் 65 நியூட்டன் மீட்டரும். புறப்படும்போது சுகமாக இருக்கும், செலவு கொஞ்சம் குறையும். மின்சாரத்தில் மட்டும் வண்டியை ஓட்டிச் செல்லாது. மின்சாரத்தில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடிய முழு ஹைப்ரிட் நெரிசலுக்கென்றே பிறந்தது. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்துவைத்து அடுத்த புறப்பாட்டில் கொடுத்துவிடும். ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கி.மீ. என்று ஒரே சீராகப் போனால் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. பெட்டி மாதிரி உயர்ந்த வண்டி காற்றைக் கிழித்துப் போக வேண்டிய செலவை எந்த மோட்டாராலும் தவிர்க்க முடியாது. பிளக்-இன், வீட்டில் தினமும் இரவு சார்ஜ் போடுபவருக்கு அருமை. நகர ஓட்டத்தில் பெட்ரோல் தொடாமலே வாரம் ஓடிவிடலாம். சார்ஜ் போட வழியில்லாதவருக்கு அது சும்மா சுமக்கும் சுமை.

மலைப்பாதை என்று வரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பின்சக்கரங்களை எது சுழற்றுகிறது? டொயோட்டா ஹைலேண்டர் ஹைப்ரிட் போன்றவற்றில் எஞ்சின் விசையை முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டே கிடையாது. பின் ஆக்ஸிலில் தனியாக ஒரு மின்மோட்டார். ஈரச் சாலைக்கும் சரளைக்கும் போதும். ஆழ்ந்த மணலில் அரை மணி நேரம் உழைத்தால் இப்படிப்பட்ட மோட்டார் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ள விலகிக்கொள்ளக்கூடும். நீங்கள் முன்சக்கரத்தோடு தனியே நிற்பீர்கள். ஹூண்டாய் சான்டா ஃபே, கியா சொரெண்டோ ஹைப்ரிட்களின் நான்கு சக்கர வகையில் ஷாஃப்ட் உண்டு, மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் கூடுதல் கியரான லோ ரேஞ்ச் இல்லை. சீன நிறுவனமான ஜிடபிள்யூஎம்மின் டேங்க் 500 ஹைப்ரிட் மாதிரி, ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின்மேல் உடலைப் பொருத்திய லேடர் சேஸிஸ் வண்டியில்தான் லோ ரேஞ்ச், ஒரு ஆக்ஸிலின் இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுழலவைக்கும் டிஃப் லாக், ஏழு இருக்கை மூன்றும் ஒன்றாக வருகின்றன. எடையும் அதற்கேற்ப வரும். மின்மோட்டார் பூஜ்யத்திலிருந்தே முழு இழுவை கொடுப்பதால் பாறையில் நத்தை போல ஏறுவதற்கு ஹைப்ரிட் உண்மையிலேயே இனிமையானது. அந்தச் சுகத்தை லோ ரேஞ்சுக்கு மாற்று என்று விற்பனையாளர் சொன்னால் நம்பவேண்டாம்.

ஸ்டெப்னி பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் குடும்பத்தோடு சரளைப் பாதையில் போனோம், வண்டி நிறைய ஆள். கூரான கல் ஒன்று பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்தது, விரல் நுழையும் அளவுக்கு. டிக்கித் தரையைத் தூக்கினால் டயர் இல்லை. ஒரு புட்டியில் பசையும் சின்னக் காற்றடிக்கும் பம்ப்பும் இருந்தன. பக்கவாட்டுக் கிழிசலில் அந்தப் பசை நிற்காது. ஊற்ற ஊற்ற வெள்ளைத் திரவம் மண்ணில் ஒழுகுவதைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். உதவி வர நான்கு மணி நேரம். பேட்டரிக்காக ஸ்டெப்னி இடத்தைப் பறிகொடுத்த வண்டிகள் நிறைய இருக்கின்றன. ஷோரூமில் நீங்களே குனிந்து பாருங்கள். முழு அளவு டயர் இல்லாத வண்டியை மலைக்கு எடுத்துப் போக நான் சம்மதிக்கமாட்டேன்.

மூன்றாம் வரிசையைச் சோதிக்க ஏழு பேரையும் அழைத்துப் போங்கள், சிரமம் பார்க்கவேண்டாம். அங்கே 13 வயதுப் பிள்ளை உட்கார்ந்ததும் முழங்காலைப் பாருங்கள். இடுப்பைவிட முழங்கால் உயர்ந்து நின்றால் தரை மேலே, இருக்கை கீழே என்று அர்த்தம். லேடர் சேஸிஸ் வண்டிகளில் இது சகஜம், ஒரு மணி நேரத்தில் தொடை வலிக்கும். பக்கத் திரை ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா, ஏசி காற்று அங்கே வருகிறதா என்று கேளுங்கள். சின்னப் பிள்ளையின் சீட்டை இரண்டாம் வரிசையில் பொருத்திவைத்த பிறகும் பின்னால் ஏற வழி இருக்கிறதா? பலர் வாங்கிய பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். அப்பா அம்மாவை இரண்டாம் வரிசையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள், ஒருமுறை இல்லை, மூன்று முறை. மூன்றாவது தடவை அவர்கள் முகம் சொல்லும்.

ஒரு சின்ன விஷயம். காற்றால் குளிரும் ஹைப்ரிட் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் ஒன்று பின்சீட்டு அடியிலோ பக்கத்திலோ இருக்கும், சல்லடை போட்ட மூடியோடு. அதன்மேல் பையோ போர்வையோ கிடந்தால் பேட்டரி சூடேறும். மண்பாதையில் ஓடும் வண்டிக்கு அந்த ஃபில்டரை அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பல தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகிறார்கள், தூசி அடைத்ததால் வந்த கோளாறுக்கு அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஓட்டத்தைப் பார்த்தால் என் யோசனை இது. ஆற்று மணல் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். அதைக் கரையிலேயே நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பினால், நான்கு சக்கர முழு ஹைப்ரிட் ஒன்று போதும், ஸ்டெப்னி நிபந்தனையோடு. மீதி நாளெல்லாம் நெரிசலில் அது உங்கள் பணத்தைக் காப்பாற்றும். மணலில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் லோ ரேஞ்ச் உள்ள லேடர் சேஸிஸ் வண்டியைப் பாருங்கள், மைலேஜ் ஆசையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு. மணலில் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, சாலைக்கு வந்ததும் நிரப்ப ஒரு கம்ப்ரசர் கட்டாயம். பிளக்-இன் பக்கம் போவது, வீட்டில் சார்ஜ் போடும் இடம் உறுதியான பிறகு.

இரண்டு வண்டிகளைத் தேர்ந்து வைத்ததும், கதவுத் தூணில் இருக்கும் அந்த எண்களையும் வெறும் எடையையும் குறித்து எனக்கு எழுதுங்கள். உங்கள் ஏழு பேரையும் ஏற்றிக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.