நாலு மணி ஷிப்டுக்குக் கிளம்பும் அப்பா

கேள்வி: கோவையில் மில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு 74 வயது. டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்கிறது. மதியம் மூன்றரை ஆனால் சட்டையை மாற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். இரண்டு முறை வழி தவறிவிட்டார். கதவைப் பூட்டியே வைக்கலாமா?

பதில்: பூட்டை யோசிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டாம் ஷிப்ட் நாலு மணிக்கு. அப்பா நேரத்துக்கு வேலைக்குப் போகிறார், அவ்வளவுதான். "ரிடையர் ஆகி வருஷக்கணக்காச்சே" என்றால் பதற்றம்தான் ஏறும். "டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்ப்பா" என்று சொல்லிப் பாருங்கள். மூன்று மணிக்கே பாத்ரூம் கூட்டிப்போய், தண்ணீரும் பலகாரமும் கொடுத்து, அரை மணி நேரம் கூடவே நடந்துவிட்டு வாருங்கள். செருப்பும் டிபன் பையும் வாசலில் கண்ணில் படக்கூடாது. வழக்கமில்லாத நேரத்தில் திடீரென அலைச்சல் கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புது மாத்திரை இவற்றில் ஏதாவது காரணமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம். தடுமாறி விழுவார், குழப்பமும் கூடும்.

அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வர வழியில்லை. ஆள் இருக்கும்போது கதவின் உச்சியில் இன்னொரு தாழ்ப்பாள் போதும். பழக்கத்தில் கை நடுத்தாழ்ப்பாளுக்குத்தான் போகும்.

கதவு திறந்தால் சத்தமிடும் காந்த சென்சாரும் உதவும். அதில் ஒரு துண்டு கதவில், இன்னொன்று நிலையில். கதவு மூடியிருக்கும்போது இரண்டுக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். இரும்பு கிரில்லில் நேரடியாக ஒட்டினால் காந்தத்தின் பிடி குறைந்து, மூடிய கதவுக்கும் அலறும். வீட்டார் சலித்துப்போய் அணைத்துவிடுவார்கள்; அன்றைக்குத்தான் அவர் வெளியே போவார். கிரில்லுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு வைத்து ஒட்டுங்கள்.

அவர் இருக்கும் இடத்தை உங்கள் போனில் காட்டும் ஜிபிஎஸ் வாட்ச் வாங்கினால் தினமும் அவர் குளிக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். அதிலுள்ள சிம்மின் ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் டேக், பக்கத்தில் யாருடைய போனாவது இருந்தால்தான் இடம் காட்டும். ஆளில்லாத காட்டுப் பாதையில் அதை நம்ப முடியாது. எதுவும் செயலிழக்கலாம் என்பதால் எல்லாச் சட்டையிலும் காலருக்கு உள்பக்கம் "மறதி நோய் உள்ளவர், அழைக்கவும்" என்று இரண்டு போன் நம்பர்களோடு துணிப்பட்டி தைத்துவிடுங்கள். பாக்கெட்டில் வைக்கும் சீட்டு துவைக்கும்போது போய்விடும். தினமும் காலையில் அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுங்கள். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.

காணவில்லையா? ஐந்து நிமிடம் வீட்டுக்குள்: பாத்ரூம், மொட்டைமாடி, நிறுத்தியிருக்கும் கார். மூடியில்லாத தொட்டி, கிணறு இருந்தால் முதலில் அங்கே. பிறகு ஒருவர் மில் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடட்டும், இன்னொருவர் 112-ஐ அழைக்கட்டும். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல நேரம் பதில் வராது. புதர், சந்து, படிக்கட்டு மறைவில் கண்ணால் தேட வேண்டும்.

கிடைத்ததும் பின்னாலிருந்து பிடிக்காமல் முன்னால் வந்து பேசுங்கள். திட்டாமல் தண்ணீர் கொடுத்து, உள்ளங்காலைப் பாருங்கள்; சர்க்கரை நோயும் இருந்தால் கொப்புளம் வந்ததே அவருக்குத் தெரியாது. எந்த இடத்தில் கிடைத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தேடல் அங்கிருந்து தொடங்கட்டும்.