டெங்கு வந்தால் பிஎச்ஐக்கு எப்படித் தெரிகிறது?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றதும் பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வாசலில் நிற்கிறாரே, யார் சொன்னது என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கம்பக்கத்தார் யாரும் போட்டுக்கொடுக்கவில்லை. டெங்கு அறிவிக்க வேண்டிய நோய். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி வைத்தியர் அறிவித்தே ஆகவேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சந்தேகமே போதும். எச் 544 என்ற படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார்கள்.

அந்த அலுவலகத்துக்குத் தகவல் போன அப்புறம்தான் பிஎச்ஐ வருவார். எப்போது காய்ச்சல் தொடங்கியது, எங்கெல்லாம் போனீர்கள் என்று விசாரிப்பார். பூச்சாடித் தட்டு, கூரைப்பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் பார்ப்பார். நுளம்புக் குடம்பி (கொசுப்புழு) கிடந்தால் 2007இன் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வழக்கும் வரலாம்.

வாராந்தக் கணக்கு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். அங்கே நாடு முழுவதையும் தொகுத்து வாராவாரம் அறிக்கை வெளியிடுகிறார்கள். 2017இல் 1,86,000க்கு மேல் டெங்கு நோயாளர் பதிவானது இப்படித் திரட்டிய கணக்கில்தான்.

ஓட்டை என்று நான் நினைப்பது தனியார் கிளினிக்குகளை. அங்கே மருந்து வாங்கி வீட்டிலேயே படுத்துக்கொள்பவர்கள் பலர் கணக்கில் வருவதே இல்லை. வைத்தியசாலையில் சேர்ந்தால், அடையாள அட்டையிலுள்ள ஊர் முகவரியை அல்ல, இப்போது தங்கியிருக்கும் முகவரியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் பிஎச்ஐ தேடிப்போவது யாழ்ப்பாணத்து வீட்டைத்தான்.