மகள் “நோய் ஆராய்ச்சி” படிக்க வேண்டுமென்கிறாள்: சேலம் அம்மாபேட்டைத் தாய்க்கு ஒரு பதில்

உங்கள் கேள்வி இதுதான். மகள் ப்ளஸ் டூவில் உயிரியல் படித்திருக்கிறாள், நீட் மதிப்பெண் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போதவில்லை. “சுகரும் பிரஷரும் யாருக்கு, ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கிற படிப்பு வேண்டும்” என்று நிற்கிறாள். அப்படி ஒரு படிப்பு உண்டா, தறிக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா?

உண்டு அம்மா. எபிடெமியாலஜி என்று பெயர், பொதுச் சுகாதாரத் துறையின் ஒரு கிளை. ஆனால் “பப்ளிக் ஹெல்த்” என்று பெயர் வைத்த இளநிலைப் படிப்பில் இப்போதே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இந்தத் துறையின் கதவு முதுநிலையில்தான் சரியாகத் திறக்கிறது. இளநிலை தனியாக நின்றாலும் சோறு போடுவதாக இருக்கட்டும். கணக்கும் சேர்ந்த பயோ மேத்ஸ் குரூப் என்றால் பி.எஸ்சி. புள்ளியியல், ப்யூர் சயின்ஸ் என்றால் நர்சிங் அல்லது ஊட்டச்சத்தியல். கணக்கு வருமென்றால் என் ஓட்டு புள்ளியியலுக்குத்தான். பேட்டி எடுக்க ஆள் எளிதாகக் கிடைக்கும், எடுத்ததை அலசத் தெரிந்தவருக்குத்தான் பஞ்சம்.

அதன் பிறகு முதுநிலை. வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியல் (மருத்துவத் தகவல்களை அலசும் புள்ளியியல்), புதுச்சேரி ஜிப்மரிலும் திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையத்திலும் எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுநிலை, சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். சில இடங்களில் மருத்துவம் சார்ந்த பட்டம் இருந்தால்தான் சேர்ப்பார்கள், சில இடங்களில் வேலை அனுபவம் கேட்பார்கள். அதனால் இளநிலையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இவற்றின் சேர்க்கைத் தகுதியைப் படித்துவிடுங்கள். பலரும் மூன்று வருடம் கழித்துத்தான் படிக்கிறார்கள்.

வேலை பெரும்பாலும் ஒப்பந்தம், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதை மறைத்துப் பேசும் விளம்பரங்களை நம்பாதீர்கள். ஐ.சி.எம்.ஆர். திட்டங்களில் “ப்ராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட் 3” என்ற நிலைக்கு மாதம் 28,000 ரூபாய் என்றும், மருத்துவர் அல்லாத “ப்ராஜெக்ட் ரிசர்ச் சயின்டிஸ்ட் 1” நிலைக்கு 56,000 என்றும் வகுத்திருக்கிறார்கள், வீட்டு வாடகைப்படி தனி. நிரந்தர அரசு வேலைதான் குறி என்றால் சுகாதார ஆய்வாளருக்கான இரண்டு ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. அது வேறு பாதை, ஆராய்ச்சி அதில் குறைவு.

இனி மகளுக்கு. “ரிஸ்க் ஃபேக்டர்”, அதாவது நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் காரணி, என்ற சொல் பரவியதே அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வால்தான். நல்ல உடம்போடு இருந்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, யாருக்கு மாரடைப்பு வந்தது, அவர்களிடம் முன்பே என்ன இருந்தது என்று பார்த்தார்கள். ஆனால் கல்லூரி ப்ராஜெக்டில் நீ செய்யப்போவது ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிடும் ஆய்வு. அதில் ஒரு பொறி இருக்கிறது. உப்பைக் குறைத்துச் சாப்பிடுபவர்களுக்கே பிரஷர் அதிகம் என்று விடை வரும். டாக்டர் பிரஷர் என்று சொன்ன பிறகுதான் அவர்கள் உப்பைக் குறைத்திருப்பார்கள். எது முந்தியது என்று தெரியாமல் “காரணம்” என்ற சொல்லை எழுதாதே.

எத்தனை பேரிடம் கேட்பது? ஆய்வு சுகர், பிரஷர் பற்றிய விழிப்புணர்வு என்று வைத்துக்கொள். பாதிப் பேருக்கு அது இருக்கும் என்று வைத்து, 5 சதவீதப் பிழையும் 95 சதவீத நம்பகமும் வேண்டுமென்றால் 384 பேர். பத்தில் ஒருவர் மறுப்பார் என்று சேர்த்தால் 427. நூறு பேரோடு முடித்துக்கொண்டால் பிழை ஏறக்குறைய 10 சதவீதம். தெருத் தெருவாகக் கொத்தாக எடுத்தால் இந்த எண்ணிக்கையும் போதாது, ஒரே தெருக்காரர்களின் சாப்பாடும் தொழிலும் ஒத்துப்போகும்.

எண்ணிக்கையைவிட ஆளைப் பிடிப்பது கஷ்டம். அம்மாபேட்டையில் பகல் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் வயதானவர்களே கிடைப்பார்கள், தறி ஷிப்டில் இருப்பவர் கணக்கில் வரமாட்டார். ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் லைன் வீடு பகலில் பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையோ சாயங்காலமோ போக வேண்டும், கடைசி பஸ்ஸையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜி.எச். ஓ.பி.யில் மட்டும் உட்கார்ந்து எடுத்தால் சுலபம்தான், ஆனால் அங்கே வருபவர் ஏற்கெனவே நோய் தெரிந்து வருபவர். அதைச் “சேலம் மக்களின் விழிப்புணர்வு” என்று தலைப்பிட முடியாது.

கேள்வி கேட்பது தனிக் கலை. “சர்க்கரை நோய் பற்றித் தெரியுமா?” என்றால் எல்லாரும் தெரியும் என்பார்கள். கடைசியாக எப்போது சுகர் பார்த்தீர்கள், எவ்வளவு இருந்தது, நார்மலுக்கு வந்துவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா, பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினம் பார்க்கிறீர்களா என்று கேள். “நெஞ்சு வலி வந்ததா?” என்பதும் தப்பிவிடும். நெஞ்சடைப்பைப் பலர் “வாய்வு” என்றே சொல்வார்கள், அந்தச் சொல்லையும் கேள்வியில் வை. ஆங்கிலக் கேள்வித்தாளை மொழிபெயர்த்தால், அதைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடு.

பிரஷர் பார்ப்பதில் நடக்கும் தவறுகள் ஆய்வையே கவிழ்க்கும். பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீயும் பீடியும் கூடாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல் உட்கார வை. கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். மூன்று முறை பார், முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுது. எல்லா அளவும் பூஜ்ஜியத்தில் முடிந்தால், கருவியை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று நோட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். 180/120ஐத் தாண்டினால் ஃபாரம் நிரப்புவதை நிறுத்து. சில நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பு. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, பேச்சுக் குழறல் இருந்தால் உடனே 108.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஆய்வில் சேர்பவர்களுக்குக் கேடு வராதா என்று பார்க்கிற கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி. தகவல் சேகரித்த பின் கேட்டால் தரமாட்டார்கள், இதழ்களும் கட்டுரையைத் திருப்பிவிடும்.

அம்மா, ஃபீஸ் கட்டும் முன் செலவில்லாத ஒரு சோதனை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21, சேலம் மாவட்டத் தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ரத்தச் சர்க்கரை வரியை மகளிடம் காட்டுங்கள். அது வெறும் வயிற்றில் பார்த்த அளவு இல்லை, வந்த நேரத்தில் விரல் நுனியில் குத்திப் பார்த்தது. அப்படியானால் சர்க்கரை நோய் என்று சொல்ல வைக்கும் 126 என்ற வெறும்வயிற்று வரம்பை அங்கே பொருத்தலாமா, அந்த ஆய்வில் யார் விடுபட்டிருப்பார்கள் என்று அவளே உங்களைக் கேட்க ஆரம்பித்தால், புள்ளியியலுக்கு விண்ணப்பம் வாங்குங்கள்.