எச்சிங்ல கோடுகளை எப்படிப் பாக்கணும்?

"பழைய தேவாலயம் ஒண்ணோட எச்சிங் பரிசா வந்துச்சு, பாக்கறவங்க எல்லாம் கோடு என்னா நுணுக்கம்ங்கறாங்க, எனக்கு சாம்பல் கலர்ல ஒரு கட்டடம்தான் தெரியுது, எதைத்தான் பாக்கணும்?"னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

எச்சிங்ங்கறது உலோகத் தகட்டுல கோடு கீறி, ஆசிட்ல அரிக்க விட்டு, மை பூசி காகிதத்துல ஒத்தி எடுக்கற படம். முதல்ல அதைச் சுவத்துலேர்ந்து இறக்குங்க. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல சாய்வா விழற மாதிரி வச்சு, 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு எடுத்துக்குங்க. செப்புத் தகட்டுல ஆசிட் அரிச்ச பள்ளத்துக்குள்ள இருக்கற மையை ஈரக் காகிதம் பிரஸ் அழுத்தத்துல இழுத்துக்குது, அதனால கனமான கோட்டுல மை லேசா புடைச்சு நிக்கும். கோடெல்லாம் புள்ளி புள்ளியா உடைஞ்சு தெரிஞ்சா அது புத்தகப் படம் மாதிரி மெஷின்ல அச்சடிச்ச காப்பி, வருத்தப்படாதீங்க, பாத்து ரசிக்க அதுவும் போதும்.

இப்ப விஷயம். எச்சிங்ல கோடு கனமா மெல்லிசாங்கறது பெரும்பாலும் கை அழுத்தம் இல்ல, ஆசிட்ல எவ்ளோ நேரம் கிடந்துச்சுங்கறதுதான். மெழுகு பூசின தகட்டை ஊசியால கீறி ஆசிட்ல போடுவாங்க, கொஞ்ச நேரத்துல வெளிய எடுத்து தூரத்துக் கோபுரத்து மேல வார்னிஷ் தடவி மூடிட்டு மறுபடி போடுவாங்க, அப்புறம் நடுவுல இருக்கற சுவரை மூடிட்டு இன்னொரு தடவை, கடைசி வரைக்கும் அரிபட்டது கிட்ட இருக்கற தூண் மட்டும்தான். அதனால கோபுரத்துல ஆரம்பிச்சு தூண் வரைக்கும் மெதுவா கண்ணை ஓட்டுங்க, கோடு படிப்படியா தடிக்கறது தெரியும். அந்த தூரம் பூராவும் நிமிஷக் கணக்கு!

அடுத்து ஒரே ஒரு ஜன்னலோட இருட்டுல லென்ஸை வைங்க. கருப்பு அப்பியிருக்காது, ரெண்டு மூணு திசையில கோடு குறுக்கும் நெடுக்குமா போயிருக்கும், நடுவுல துளித்துளியா வெள்ளைக் காகிதம் எட்டிப் பாக்கும், அந்த இருட்டுக்குள்ள காத்தோட்டம் இருக்கற மாதிரி தோணறதுக்கு அதுதான் காரணம். வெயில் படற கல்லோட ஓரத்துல பல சமயம் கோடே போட்டிருக்க மாட்டாங்க, நம்ம கண்ணே அதை முடிச்சுக்கும். எனக்கு இந்த போடாத கோடுதான் ரொம்பப் பிடிக்கும்.

கண்ணைப் பழக்கணும்னா 18ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிரனேசியோட கற்பனைச் சிறை எச்சிங்குகளைத் தேடுங்க. 1750 வாக்குல வந்தது சும்மா கிறுக்கின மாதிரி லேசா இருக்கும், 1761ல அதே தகடுகள்ல இன்னும் கோடு சேர்த்து இருட்டாக்கிட்டார், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பாரீஸ் கட்டடங்களை எச்சிங்ல போட்ட 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கலைஞர் மெரியோனையும் விட்டுடாதீங்க, அவருக்கு நிறக்குருடு, அதனாலதான் பெயின்டிங்கை விட்டு இந்தப் பக்கம் வந்தார்.

பாத்து முடிச்சதும் நேர் வெயில் படாத சுவத்துல மாட்டுங்க, கண்ணாடி காகிதத்துல ஒட்டாம நடுவுல மவுண்ட், அதாவது படத்தைச் சுத்தி வைக்கற அட்டை, இருக்கணும்.