எந்த புரொப்பெல்லர் விமானம் சீக்கிரம் வேகம் எடுக்கும் என்று எப்படிப் பார்ப்பது?

கேட்டவரின் குறை இதுதான்: விமானச் சண்டை சிமுலேட்டர் விளையாட்டில் தன்னுடைய பி-47 (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கச் சண்டை விமானம்) மணிக்கு 690 கிலோமீற்றர் போகும் என்று போட்டிருக்கிறார்கள், அதே காலத்து ஜப்பான் சண்டை விமானமான ஸீரோ 530 சொச்சம்தான், ஆனால் இரண்டு சுற்றுத் திரும்பி வேகம் விழுந்ததும் ஸீரோதான் முன்னால் போகிறது, ஏன்?

உச்ச வேகத்தை விடுங்கள். அது பல நிமிடம் நேராக ஓடினால் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்ற கணக்கு. அதுவும் பி-47க்கு அந்த எண் 8, 9 கிலோமீற்றர் உயரத்தில், மெல்லிய காற்றை அமுக்கி எஞ்சினுக்குக் கொடுக்கும் டேர்போ இருப்பதால் வருகிறது. நாங்கள் அடிபடுவது 1000, 2000 மீற்றரில்.

புரொப்பெல்லரின் சுபாவம் வேறு. எஞ்சின் வலு மாறாமல் இருந்தாலும் வேகம் கூடக்கூட இழுக்கும் விசை குறைந்துகொண்டே வரும். 1500 குதிரைவலு எஞ்சின், அதில் 80 வீதம் பயன்படுகிறது என்று வைத்தால் 300 கிலோமீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 10,700 நியூட்டன் கிடைக்கும், 600இல் சரிபாதிதான், ஆனால் காற்றுத் தடையோ அதற்குள் பல மடங்கு ஏறிவிடும். ஆகவே மெதுவாக இருக்கும்போது ஒரு கிலோவுக்கு எவ்வளவு குதிரைவலு என்பதுதான் கதை. பி-47 2000 குதிரைவலு, 6600 கிலோ, அதாவது 0.3. ஸீரோ வெறும் 940தான், ஆனால் எடை 2400 கிலோ, 0.39 வருகிறது. ஜெர்மன் சண்டை விமானமான பிஎப் 109 கே-4 0.55க்குக் கிட்ட, அதோடு போட்டியே வேண்டாம்.

ஒரு குறுக்குவழி உண்டு. ஏறும் வேகத்தைப் பாருங்கள், ஏறுவதும் வேகம் எடுப்பதும் மிஞ்சுகிற அதே வலுவில்தான் நடக்கின்றன. 270 கிலோமீற்றரில், அதாவது விநாடிக்கு 75 மீற்றரில், ஒரு விமானம் விநாடிக்கு 15 மீற்றர் ஏறினால் 9.8ஐ 15ஆல் பெருக்கி 75ஆல் வகுங்கள், கிட்டத்தட்ட 2 வரும். மட்டமாகப் பறந்தால் ஒவ்வொரு விநாடியும் வேகம் மணிக்கு 7 கிலோமீற்றர் கூடும் என்று அர்த்தம். அந்த உயரத்துக்கும் அந்த வேகத்துக்கும் மட்டும்தான், மற்ற இடத்தில் இந்த எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள்.

நேரே பார்க்க வேண்டுமென்றால் 1000 மீற்றர் உயரத்தில் வேகத்தை மணிக்கு 240 கிலோமீற்றருக்குக் குறைத்து, மட்டமாக வைத்து, திராட்டிலை (எஞ்சின் வலுவைக் கூட்டும் பிடியை) முழுக்கத் தள்ளுங்கள், 250இலிருந்து 350 வரை ஒரு நேரம், 350இலிருந்து 430 வரை இன்னொரு நேரம். இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் முதல் பாதியில் துள்ளுகிற ஸீரோ இரண்டாவதில் மூச்சு வாங்கும், பி-47 அப்போதுதான் சூடுபிடிக்கும். எரிபொருளும் எடைதான், அதைத் தாங்கியின் வீதத்தில் சமப்படுத்தாமல் எத்தனை நிமிடம் பறக்கலாம் என்று சமப்படுத்துங்கள். 30 வீதம் என்றால் 109க்கு 120 லீற்றர், பிந்திய பி-47டிக்கு 420 லீற்றர்! நானும் மச்சானும் வெள்ளவத்தையில் ஒரு ஞாயிறு முழுக்க இதைச் செய்து, 109 ஒன்றுக்கும் உதவாது என்று முடிவுகட்டி, இரண்டு நாள் சண்டை பிடித்த பிறகு பார்த்தால் நான் எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் மூடியை முழுக்கத் திறந்து, காற்றுத் தடையைக் கூட்டியபடியே ஓட்டியிருக்கிறேன். பிறகு எல்லாவற்றையும் திரும்ப ஓடினோம், அவன் இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

1942 ஏப்ரல் 5 ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கியதையும் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தோம். இப்போது கடைகளும் ரக்பி மைதானமுமாக இருக்கிற ரேஸ்கோர்ஸிலிருந்து அன்று பிரித்தானியரின் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் கிளம்பின, இரத்மலானையில் ஜப்பான் விமானங்கள் தலைக்கு மேலே வந்த பிறகுதான் கிளம்ப முடிந்தது. ஹரிக்கேனுக்கும் ஸீரோவுக்கும் குதிரைவலு எடைக் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு 200இல் தத்தளிக்கிறவன் மேல் ஏற்கெனவே 400இல் இறங்கி வருகிறவன் விழுந்தால் ஸ்டாப்வாட்சுக்கு அங்கே வேலையில்லை, மச்சான் என்னை மூன்று தடவையும் ஓடுபாதை முடிவதற்குள் சுட்டுவிட்டான்.

சரி, உங்கள் பி-47க்கு வருவோம். 400க்குக் கீழே விடாதீர்கள், ஸீரோவோடு சுற்ற வேண்டாம். மூக்கைக் கீழே போட்டுத் தப்பலாம் என்றாலும் பின்னால் இருப்பவன் 200 மீற்றரில் நிற்கும்போது செய்யாதீர்கள், டைவின் ஆரம்பத்தில் புவியீர்ப்பு இருவரையும் ஒரே மாதிரித்தான் இழுக்கும், அந்த எடை உங்களுக்கு உதவுவது வேகம் நன்றாக ஏறிய பிறகுதான். ஒரு கிலோமீற்றர் இடைவெளி இருக்கும்போதே இறங்குங்கள்.