மீட்டரில் லைட் எரிந்தால்: ஹைபிரிட் கார் கேள்வி பதில்

லாஸ்பேட்டையிலிருந்து: பத்து நாள் ஊரில் இல்லை. வந்து டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட்டில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மீட்டர் முழுக்கத் தேர்த்திருவிழா சீரியல் செட் மாதிரி எல்லா லைட்டும் எரியுது. வண்டி கிளம்பத் தயார்னு சொல்ற ‘ரெடி’ மட்டும் வரலை. மோட்டாரை ஓட்டுற பெரிய பேட்டரி போச்சா சார்?

பெரும்பாலும் போகவில்லை. முதலில் 12 வோல்ட் சின்ன பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். முழு சார்ஜ் என்றால் 12.6 காட்டும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் அதுதான் குற்றவாளி. இந்த வண்டியில் செல்ப் மோட்டார் உறுமாது என்பதால் பேட்டரி செத்தது காதுக்குத் தெரியாது. ஸ்டார்ட் செய்யும்போது சின்ன பேட்டரியின் வேலை கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற சுவிட்சை மூடுவதுதான். வோல்ட் குறைந்தால் அந்தக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேச முடியாமல் ‘யு’ எழுத்தில் தொடங்கும் கோடுகளை (ஸ்கேனரில் தெரியும் பிழைக் குறியீடுகள்) கொட்டும். சார்ஜ் ஏற்றி, கோடுகளை அழித்து, ஒரு சுற்று ஓட்டுங்கள். திரும்ப வந்தது மட்டும் நிஜம். ரெடியில் இருக்கும்போது அதே பேட்டரியில் 14 வோல்ட் வாக்கில் வரவேண்டும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: பழைய கேம்ரி ஹைபிரிட். ஏசி கேஸ் நிரப்பி மூணு வாரம் ஆகுது. இப்போ சிவப்பு முக்கோணம், பி0ஏஏ6. ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி மாத்தணும்னு சொல்றாங்க அண்ணே.

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. பி0ஏஏ6 என்றால் உயர் வோல்ட் லைனிலிருந்து வண்டி பாடிக்குக் கசிவு இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். எங்கே என்பது கூடவே வரும் மூன்று இலக்க எண்ணில் இருக்கிறது. 526 பொதுவானது. 611 ஏசி பக்கம், 612 பேட்டரி, 613 டிரான்ஸ் ஆக்சில் (மோட்டாரும் கியரும் இருக்கும் பெட்டி), 614 இன்வெர்ட்டரை (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் பெட்டி) ஒட்டிய டிசி லைன். இந்த எண்ணை எழுதித் தராதவரிடம் பேட்டரிக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேஸ் நிரப்பிய பிறகு வந்தது என்பதால் என் சந்தேகம் 611. இதன் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுவதல்ல. உள்ளேயே உயர் வோல்ட் மோட்டார் சுற்றுகிறது, அதன் சுருள் ஆயிலில் நனைந்தபடி இருக்கும். அதனால் மின்சாரம் கடத்தாத என்டி-11 ஆயில்தான் போடவேண்டும். சாதாரண காரின் ஏசிக்கு ஊற்றும் பேக் (PAG) ஆயில் கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு இறங்கிவிடும். மற்ற கார்களுக்குக் கேஸ் நிரப்பிய அதே மெஷினின் ஹோஸில் ஒட்டியிருந்த ஆயில்கூடப் போதும். உறுதி செய்ய, கம்ப்ரசரின் ஆரஞ்சு கேபிளைக் கழற்றி 500 வோல்ட் மெகரில் (மின்காப்பு அளக்கும் மீட்டர்) அளக்கவேண்டும். இதை நீங்கள் செய்யாதீர்கள். 1000 வோல்ட் தாங்கும் கையுறை போட்டு, பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, 10 நிமிடம் காத்திருந்து தொடத் தெரிந்தவர் செய்யட்டும். ஆயில் கலந்தது உறுதியானால் கம்ப்ரசரோடு மற்ற ஏசி பாகங்களும் மாற்றும்படி ஆகலாம். செலவுதான், ஆனால் பேட்டரி தப்பியது.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: பிரியஸில் பி0ஏ80. ஒரு மாட்யூல் மட்டும் மாத்தினா ஓடுமா?

பி0ஏ80 என்றால் பெரிய பேட்டரி பலவீனம் என்று அர்த்தம். ஒரு மாட்யூல் மாற்றினால் ஓடும், கொஞ்ச நாள். அந்தப் பேட்டரிக்குள் மாட்யூல் என்ற சின்னப் பேட்டரிகள் 28, இரண்டிரண்டாக 14 பிளாக். காரின் ஸ்கேன் கருவியோடு இணைத்த போன் ஆப்பில் பிளாக் வோல்ட்டைத் திறந்துவைத்து ஆக்சிலேட்டர் கொடுங்கள். ஒன்று மட்டும் 1 வோல்ட்டுக்கு மேல் தனியாக இறங்கினால் அது பலவீனம். மற்றவையும் அதே வயசுக்காரர்கள், வரிசையில் நிற்பார்கள். எதை மாற்றினாலும், பின் சீட்டோரம் இருக்கும் காற்றுத் துவாரத்தையும் பேட்டரி ஃபேனையும் சுத்தம் செய்யுங்கள். ஈசிஆர் மணலும் நாய் முடியும் அடைத்தால் புது பேட்டரியும் வெந்துவிடும்.

வில்லியனூரிலிருந்து: பி0ஏ93?

இன்வெர்ட்டர் கூலிங். இன்ஜினுக்கு உள்ளதல்லாமல் தனி கூலன்ட் டப்பா இருக்கும். வண்டியை ரெடியில் வைத்து, மூடியைக் கழற்றாமல் டப்பாவைப் பாருங்கள். கூலன்ட் அலைந்தால் பம்ப் ஓடுகிறது. அசையாமல் கிடந்தால் பம்ப், ஃப்யூஸ், காற்றுக்குமிழி என்ற வரிசையில் தேடவேண்டும்.

ரெயின்போ நகரிலிருந்து: ஃபெஞ்சல் புயலில் (2024 நவம்பர்) தெருவில் நின்ற மாதிரி மறுபடி தண்ணி வந்து, சீட் வரை ஏறிட்டா காயவைச்சு ஸ்டார்ட் பண்ணலாமா?

பட்டனைத் தொடவே வேண்டாம். தண்ணீர் வடிந்த பிறகு 12 வோல்ட்டின் நெகட்டிவைக் கழற்றுங்கள், ஆரஞ்சு கேபிள் பக்கம் கை போகவேண்டாம். முன் சக்கரம் தரையில் உருண்டால் மோட்டாரும் சுற்றும், அதனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். நாலு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட் பெட் வண்டி கேளுங்கள். இன்ஷூரன்ஸ்காரர் பார்க்கும் முன் கோடுகளை யாரும் அழிக்கக்கூடாது. கோடு பதிவான நேரத்தின் வோல்ட்டும் வெப்பமும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும்.